ஆய்வுப் படங்களுக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

ஒலக்கூர்ப் பக்கம் அரைக் காணி நிலம் வாங்குவதென்றாலும், வில்லங்கச் சான்று பார்க்காமல் எவரும் முன்பணம் கொடுப்பதில்லை. விற்பவர் மீது ஐயம் கொண்டு அவ்வாறு செய்வதில்லை. பின்னாளில் வருந்த நேரக் கூடாது என்பதற்காகவே பார்க்கிறோம். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளில் இடம்பெறும் படங்களுக்கும் அத்தகைய சோதனை கட்டாயமாக வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இது ஆய்வாளர்களின் கவலைதானே, நோயாளிகளுக்கு என்ன என்று கேட்கலாம். புறநோயாளிப் பிரிவுக்கு வரும் உறவினர் பலர், "ஆய்வில் நிரூபிக்கப்பட்டுள்ளதாம், ஐயா" என்று கைபேசியை எங்களிடம் நீட்டுகின்றனர். அந்த நிரூபணத்தின் பின்னால் பெரும்பாலும் சில படங்களே இருக்கின்றன. நுண்ணோக்கியில் எடுத்த உயிரணுக்களின் படம், புரதங்களின் அளவைக் கருங்கோடுகளாகக் காட்டும் படம் ஆகியவையே ஆய்வகத்தின் சாட்சிகள். மருந்து கொடுக்கும் முன் எடுத்ததாகச் சொல்லப்படும் படத்தையே திருப்பி வைத்து, மருந்து கொடுத்தபின் எடுத்ததென்று காட்டினால் அந்தச் சாட்சி பொய்யாகிவிடும். ஒரே படத்தை இரு சோதனைகளுக்குப் பயன்படுத்துவதும், படத்தின் ஒரு பகுதியை வெட்டி வேறிடத்தில் ஒட்டுவதும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

நம் நாட்டிலும் இது நிகழ்ந்திருக்கிறது. புனே தேசிய உயிரணு அறிவியல் மையத்திலிருந்து 2005இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில், முந்தைய கட்டுரையின் படங்கள் வேறு பெயரில் மீண்டும் வந்துள்ளன என்ற புகார் எழுந்தது. அதை ஆராய்ந்த வல்லுநர் குழு ஒன்று முறைகேடு இல்லை என்றது. கட்டுரையை வெளியிட்ட இதழோ 2007இல் அதைத் திரும்பப் பெற்றது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கட்டுரை ஒன்று 2020இல் 'நேச்சர் கெமிக்கல் பயாலஜி' இதழில் வந்தது; படங்கள் திருத்தப்பட்டிருப்பது தெரிந்ததும் 2021இல் திரும்பப் பெறப்பட்டது.

உலக அளவில் இதன் விலை இன்னும் பெரிது. அல்சைமர் எனும் மறதிநோயில் நினைவாற்றலைக் குறைப்பது ஒரு குறிப்பிட்ட புரதக்கூறு என்று, எலிகளை ஆராய்ந்து 2006இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டின. படங்களில் திருத்தம் இருந்ததால் 2024இல்தான் அது திரும்பப் பெறப்பட்டது. இடையில் கழிந்தவை 18 ஆண்டுகள். அந்நோய் கண்ட பலருக்கு எஞ்சியிருக்கும் வாழ்நாளைவிட அது நெடிய காலம்.

எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 40 இதழ்களின் 20,621 கட்டுரைகளைக் கண்ணால் பார்த்தே ஆராய்ந்தனர். அவற்றில் 3.8 விழுக்காட்டில் படங்கள் முறையின்றி மீண்டும் வந்திருந்ததாக 2016இல் அறிவித்தனர். இத்தகைய உழைப்பை எல்லாரிடமும் எதிர்பார்க்க இயலாது. இன்று புரூஃபிக், இமேஜ்ட்வின் போன்ற மென்பொருள்கள் அப்பணியைச் சில நிமிடங்களில் செய்கின்றன. படத்தைத் திருப்பினாலும், பெரிதாக்கினாலும், வெளிச்சத்தைக் கூட்டினாலும், ஒத்த பகுதிகளை அவை சுட்டிக்காட்டுகின்றன. 'சயின்ஸ்' குழும இதழ்கள் 2024 முதல் இந்தச் சோதனையை நடைமுறைப்படுத்தியுள்ளன.

நேர்மையான இளம் ஆய்வாளர்கள் மீது வீண்பழி விழாதா என்று சிலர் அஞ்சுகின்றனர். அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வுச் சங்கத்தின் அனுபவம் இதற்கு விடை தருகிறது. 2021 ஜனவரி முதல் 2022 மே வரை அச்சங்கம் 1,367 கட்டுரைகளை மென்பொருளால் சோதித்தது. 208 கட்டுரைகளுக்கு எழுதியவர்களிடம் விளக்கம் கேட்க நேர்ந்தது. பெரும்பாலானவை கவனக்குறைவால் நேர்ந்த பிழைகள். அச்சுக்கு முன்பே திருத்தப்பட்டன. கைவிடப்பட்டவை நான்கே. ஆகவே இச்சோதனை நேர்மையாளரைக் காக்கவும் செய்கிறது. மென்பொருள் ஐயத்தை மட்டுமே எழுப்பும். அது பிழையா, மோசடியா என்று தீர்மானிக்க வேண்டியவர் மனிதரே. அதற்கு மூலப்படங்கள் பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவால் புதிதாகவே உருவாக்கப்படும் படங்களை, ஒப்பிட்டுப் பார்ப்பதால் மட்டும் கண்டுபிடிக்க இயலாது என்பதால், அத்தேவை இன்னும் கூடியுள்ளது.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வகுத்த விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்துடன் 10 விழுக்காட்டுக்கு மேல் ஒற்றுமை இருந்தால் நடவடிக்கை உண்டு. எழுத்துக்கு இருக்கும் இந்தக் கண்டிப்பு படங்களுக்கும் வர வேண்டும். மருத்துவப் பல்கலைக்கழகங்கள் இத்தகைய மென்பொருளை வாங்கி எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவாக அளிக்கலாம். கட்டுரை இதழுக்குச் செல்லும் முன்பே சோதிப்பதும், மூலப்படங்களைக் குறைந்தது பத்தாண்டுகள் காப்பதும் கட்டாயமாக வேண்டும்.

இதைப் படித்து எவரும் அஞ்சி மருந்தை நிறுத்திவிட வேண்டாம். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நாங்கள் எழுதித் தரும் மருந்துகள் ஒரே ஒரு கட்டுரையை நம்பி வந்தவை அல்ல. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான மனிதர்களிடம் சோதிக்கப்பட்டவை. புதிய ஆய்வு என்று ஏதேனும் செய்தி வந்தால் எங்களிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அது மனிதர்களிடம் சோதிக்கப்பட்டதா? வேறு ஆய்வகத்தாரும் அதே முடிவைக் கண்டனரா? அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா? உடனே விடை தெரியாவிட்டால், தேடிப் பார்த்து அடுத்த வருகையின்போது சொல்கிறோம். அப்படிக் கேட்பதை நாங்கள் ஒருபோதும் தவறாக எண்ணமாட்டோம்.