மணல் பள்ளத்தில் விழுங்கிய பத்து அடி

பிரசவத்தில் ஏறிய உடம்பு இறங்கவே இல்லை. "நல்லா நடங்கம்மா" என்றார் டாக்டர். என்னவர் வாராவாரம் கோல்ஃப் ஆடுகிறவர். ஒன்றரை வயசுக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு நானும் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நடை என்னவோ நல்ல நடைதான். ஆனால் அடிக்கணக்கு? வெளியே சொன்னால் வெட்கக்கேடு! மணல் பள்ளத்தில் அடித்ததில் பத்து அடியை விழுங்கிவிட்டு, அட்டையில் 103 என்று எழுதிவிட்டேன்.

கூட ஆடிய அடுத்த வீட்டு மாமி சிரித்தார். "நான் பார்த்துண்டுதானே இருந்தேன்! ஹாண்டிகாப் வாங்கப் போறவ அடியைக் குறைச்சு எழுதினா நஷ்டம் யாருக்குடி?"

ஹாண்டிகாப் என்பது, கற்றுக்குட்டியும் கைதேர்ந்தவரும் சமமாக மோதுவதற்காகக் கழித்துக் கொடுக்கும் சலுகை அடிகள். 2020-ல் வந்த உலகப் பொதுமுறைப்படி ஆணானாலும் பெண்ணானாலும் உச்சவரம்பு 54. இதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சே வந்தது!

முதலில் 54 குழிகளுக்கு, அதாவது மூன்று முழு ஆட்டங்களுக்கு அட்டை வேண்டும். புதிதாகச் சேருபவர் ஒரு குழிக்கு 'பார்' கணக்குக்கு மேல் 5 வரைதான் எழுதலாம். பார் 4 குழியில் நான் 13 அடித்திருந்தேன். 9 போட்டால் போதுமாம். சட்டமே சலுகை தரும்போது நான் திருட்டுக் கணக்கு எழுதியிருக்கிறேன், பாருங்கள்! மாமி திருத்தியதும் என் நிஜக் கணக்கான 113, 109 ஆயிற்று.

மைதானத்தின் ரேட்டிங் 70, பாரும் 70, கடினத்தைக் காட்டும் ஸ்லோப் 113 என்று வைத்துக் கொள்ளுங்கள். என் மூன்று ஆட்டங்கள் 118, 112, 109. ரேட்டிங்கைக் கழித்தால் 48, 42, 39. (ஸ்லோப் வேறானால், மிச்சத்தை 113-ஆல் பெருக்கி ஸ்லோப்பால் வகுக்க வேண்டும்.) மூன்றில் சிறியது 39, அதிலிருந்து 2 போக 37. பிற்பாடு 20 அட்டைகள் சேர்ந்ததும், அவற்றில் சிறந்த எட்டின் சராசரி. சொதப்பின நாட்களெல்லாம் தானாகவே உதிர்ந்துவிடும்.

103 என்றே விட்டிருந்தால்? வெறும் 31!

போன ஞாயிறு எங்களுக்குள் போட்டி. அவர் 88, ஹாண்டிகாப் 14 போக 74. நான் 110, 37 போக 73.

அன்று ராத்திரி குழந்தையைத் தூங்க வைத்தது அவர்தான்.