டத்தோவின் உறையும் பத்து வெள்ளியும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் நாலு நூல் வெளியீட்டுக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடம். அழைப்பிதழில் மாலை ஐந்து மணி என்றிருக்கும். டத்தோ வர ஆறரை ஆகும். அதுவரை தமிழ் வாழ்த்துப் பாட வந்த பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் மாலை, பொன்னாடை, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. 'முதல் நூல்' என்று ஒரு பிரதியைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள். டத்தோ ஓர் உறையைத் தருவார். உள்ளே எவ்வளவு என்பது மைக்கில் அறிவிக்கப்படும். கைதட்டல். பின்னால் ஒரு வரிசை: நூறு வெள்ளி, ஐம்பது வெள்ளி.

கல்யாண மொய்க்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். மொய் வைப்பவருக்கு மாப்பிள்ளை பெண்ணின் பெயராவது தெரிந்திருக்கும்.

இதைச் சொன்னால் உடனே பதில் வரும்: "வேற வழி என்ன இருக்கு, சொல்லுங்க?" அந்தப் பதிலில் பாதி நியாயம் இருக்கிறது. 1981 முதல் வழங்கப்படும் தேசிய இலக்கியவாதி விருது மலாயில் எழுதுபவர்களுக்கு மட்டும்தான். இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டைப் பற்றியே எழுதினாலும் தமிழில் எழுதியது தேசிய இலக்கியக் கணக்கில் வராது. சினிமாவிலும் இதே கதை. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) படத்தை மொழியைக் காரணம் காட்டித் தனிப்பிரிவில் தள்ளப் பார்த்தார்கள். பெரிய சர்ச்சை வெடித்த பிறகே அது எல்லாப் படங்களோடும் போட்டியிட்டு 2016-இல் சிறந்த மலேசியப் படமானது. அரசாங்கம் கைவிட்ட இடத்தில் டத்தோ கை கொடுக்கிறார், அதில் என்ன தப்பு என்கிறார்கள்.

தப்பு பணத்தில் இல்லை. அந்த உறை எழுதுபவனுக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது என்பதில் இருக்கிறது.

முதலில், வாசகனைத் தேட வேண்டியதில்லை, மண்டபத்தை நிரப்பினால் போதும் என்று கற்றுக்கொடுக்கிறது. அச்சுக்கூலி அன்றிரவே வந்துவிட்டதால் மீதிப் பிரதிகள் கட்டிலுக்கு அடியில் போகின்றன. யாரும் அவற்றைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. எழுதவில்லையே என்று ஆசிரியரும் கவலைப்படுவதில்லை. அடுத்த நூலுக்கு அவருக்குத் தேவை இன்னும் நல்ல கதையல்ல, இன்னும் பெரிய டத்தோ. இரண்டாவது பாடம் இதைவிட மோசம். மேம்பாட்டாளர் ஒருவர் தோட்டத்து மக்களை லயத்திலிருந்து கிளப்பிய கதையை எழுத உட்காரும்போது, முன்வரிசையில் யார் யார் உட்காருவார்கள் என்று கை தானாகவே யோசிக்கிறது. யாரும் எழுதாதே என்று சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வருவதில்லை. நம்மிடம் தன்னம்பிக்கை இல்லை என்று பட்டறைகளில் புலம்புகிறோமே, அது காணாமல் போகும் இடம் இதுதான்.

இந்தச் சமூகத்துக்கு வேறு மாதிரியும் பணம் சேர்க்கத் தெரிந்திருந்தது. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை வந்தபோது, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளிதான் கேட்டார். 1960-இல் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிச் சேர்த்த பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். அந்தச் சங்கத்தின் கட்டடம்தான் கோலாலம்பூரில் உள்ள விஸ்மா துன் சம்பந்தன். அங்கே இருக்கும் டான்ஸ்ரீ சோமா அரங்கில்தான் நம் நூல் வெளியீடுகள் பலவும் நடக்கின்றன. பத்து வெள்ளியால் எழும்பிய கட்டடத்துக்குள் நின்றுகொண்டு, பெரிய மனிதர் ஒருவர் வராமல் தமிழ்ப் புத்தகம் வெளிவராது என்று பேசுகிறோம். படிக்கட்டில் ஏறும்போதாவது இது உறைக்க வேண்டாமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்குத்தான். சின்னத் தொகுப்பு, நூறே பிரதி, அச்சுக்குப் பிரதிக்குப் பத்து வெள்ளி. மொத்தம் 1,000 வெள்ளி. விலை 25. நாற்பது பேர் முன்பதிவு செய்தால் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டியது கைக்கு வந்துவிடும். மீதி அறுபதும் விற்றால் 1,500. அது அடுத்த நூலின் அச்சுக்கூலி, கூடவே அட்டை வரைந்த நண்பருக்கு ஒரு கூலி. மண்டபம் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் பத்துப் பேர் தேத்தண்ணியோடு உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்து மேய்ந்தால் அது வெளியீடு.

"நாப்பது பேருக்கா எழுதறது?" என்று கேட்பீர்கள். இருநூறு பேர் உட்கார்ந்த மண்டபத்தில் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தைப் படித்தார்கள் என்று முதலில் கேளுங்கள். படிக்கிற நாற்பது பேர் என்பது சின்ன விஷயமில்லை. அவர்களுக்கு நீங்கள் எதையும் மறைக்க வேண்டியதில்லை. பிடிக்காவிட்டால் திட்டுவார்கள். அந்தத் திட்டில் கிடைக்கும் தெம்பு எந்தப் பொன்னாடையிலும் கிடைக்காது.

இது எழுத்துக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. பரதநாட்டிய அரங்கேற்றத்தைப் பாருங்கள். மண்டபம், சென்னையிலிருந்து வரும் பக்கவாத்தியம், பட்டு, நகை, ஒப்பனை, விருந்து என்று அப்பா அம்மா கடன் வாங்கிச் செய்கிறார்கள். ஆடிய பெண் அதன்பிறகு சலங்கையைக் கட்டுவதே இல்லை. தொடக்கம் என்று பொருள்படும் சொல்லை நாம் முடிவுவிழாவாக மாற்றி வைத்திருக்கிறோம். அந்தச் செலவில் எத்தனை சின்ன மேடைகள் ஏறியிருக்கலாம்!

சரி, வயிற்றுக்கு? வேலை செய்யுங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்த அ. ரெங்கசாமிதான் சயாம் மரண ரயிலை 'நினைவுச்சின்னம்' நாவலாக்கினார். ரெ. கார்த்திகேசு பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டே கதை எழுதினார். சம்பளம் கலைக்கு எதிரி இல்லை. யார் முன்னாலும் குனியாமல் எழுத விடுகிற காசு அது. நேரம் இல்லை என்கிறீர்களா? கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்குக் கோமுட்டரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். போக வர இரண்டு. கைப்பேசியிலேயே தட்டலாம். நிற்க இடம் கிடைத்தால் படிக்கலாம், உட்கார இடம் கிடைத்தால் எழுதலாம்.

வறுமையே கலைஞனுக்கு அழகு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் வறுமையில் இருப்பதில்லை. நாமும் வரி கட்டுகிறோம். பொது நிதியில் நமக்குப் பங்கு உண்டு, அதைக் கேட்டே ஆக வேண்டும். விதிமுறை எழுதப்பட்டு, யாருக்கு ஏன் கிடைத்தது என்று வெளிப்படையாகத் தெரியும் மானியத்துக்கு விண்ணப்பம் போடுவது உரிமை. ஒருவர் மனம் குளிர்ந்து கொடுக்கும் உறைக்காகக் காத்திருப்பது வேறு. ஒன்றில் நீங்கள் குடிமகன், இன்னொன்றில் வேண்டப்பட்ட ஆள். அடுத்த வருடம் வேண்டாத ஆளாகவும் ஆகலாம்.

கடைசியாக ஒன்று, எழுதுபவர்களுக்கு அல்ல, படிக்கிற உங்களுக்கு. நண்பர் புத்தகம் போட்டதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எனக்கு ஒன்னு இல்லையா?" ஒரு வேளை சாப்பாட்டுக்கும் கோப்பிக்கும் யோசிக்காமல் கொடுக்கும் காசுதான் அந்தப் புத்தகத்தின் விலை. டத்தோவைத் திட்டுவது சுலபம். அவர் இடம் காலியாக இருந்ததால்தான் வந்து உட்கார்ந்தார். அது உங்கள் இடம். இனி இலவசப் பிரதி கேட்காதீர்கள். காசு கொடுத்து வாங்குங்கள், படியுங்கள், நன்றாக இல்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.