“போனது போச்சு” என்று வேன் ஏறலாமா?

ஆடி அமாவாசை, தை அமாவாசை வந்துவிட்டால் போதும். பெரம்பலூர், அரியலூர் சுற்றுவட்டாரத்தில் இருந்து வேன் வேனாக ஜனங்கள் ராமேசுவரத்துக்குக் கிளம்பி விடுகிறார்கள்.

கடையை அடைத்து, புளிச்சோற்று மூட்டையோடு ராத்திரி ஏறி உட்கார்ந்தால் விடியற்காலையில் பாம்பன் பாலம். அக்னி தீர்த்தத்தில் ஒரு முழுக்கு. கோவிலுக்குள் 22 தீர்த்தம். சாமி தரிசனம். மத்தியானம் தனுஷ்கோடி. பொழுது சாய்ந்ததும் ஊர் திரும்பல்.

இந்த டயம்-டேபிள் நமக்குத் தெரிந்ததைவிட, கோவில் தீவில் கைவரிசை காட்டும் ஆசாமிகளுக்கு நன்றாகத் தெரியும்!

“இவன் ராத்திரி வேன் ஏறிப் போய்விடுவான். ஸ்டேஷன் படி ஏறமாட்டான். கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லமாட்டான்.” இதுதான் அவர்கள் போடும் கணக்கு. இந்தக் கணக்கை நாம் பொய்யாக்காத வரைக்கும் எத்தனை போலீஸ் போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

ஈரத்துணியோடு நிற்கும் நேரம்

கடலில் முழுகும்போது பை கரையில் இருக்கும். செல்போன் பைக்குள் இருக்கும். சங்கிலி கழுத்தில் இருக்கும். கண் மட்டும் சூரியனைப் பார்த்துக் கும்பிட்டுக் கொண்டு இருக்கும்.

திருடனுக்கு இதைவிட வேறு என்ன வசதி வேண்டும்? ஒரு நிமிஷம் போதும், பை அபேஸ்!

பறிகொடுத்தவர் “ஐயோ, அம்மா” என்று கூச்சல் போடுவார். கூட்டம் கூடும். கூட வந்தவர்களில் யாராவது ஒருவர், “விடுங்கண்ணே, போனது போச்சு. நேரத்தோட கிளம்பலாம். வேன்ல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க” என்பார். கதை முடிந்தது.

இந்தப் “போனது போச்சு” என்ற ரெண்டு வார்த்தைதான் திருடனுக்கு நாம் எழுதிக் கொடுக்கும் லைசென்சு.

உடை மாற்றும் அறையில் கேமரா!

இதைவிடக் கொடுமையான சங்கதி 2024 டிசம்பரில் நடந்தது. அக்னி தீர்த்தக் கரை அருகே, பெண்கள் உடை மாற்றுவதற்கான தனியார் அறையில் ரகசிய கேமரா பொருத்தி வைத்திருந்தார்கள். புண்ணியம் தேடி வந்த பெண்களைப் படம் பிடிக்கக் கேமரா!

வெளியூரில் இருந்து வந்திருந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டார். “வேணாம்மா, நம்ம மானம்தான் போகும்” என்று அவர் முக்காடு போட்டுக்கொண்டு வேன் ஏறவில்லை. போலீசில் புகார் கொடுத்தார். இரண்டு பேர் கைதானார்கள். தமிழ்நாடே அதிர்ந்தது.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண்ணும் மற்றவர்கள் மாதிரி ஊருக்குப் போக வேண்டியவர்தான். அவருக்கும் நேரம் ஆகியிருக்கும். அவர் ஒருத்தி நின்றதால்தான் விஷயம் வெளியே வந்தது. அவரும் “போனது போச்சு” என்று போயிருந்தால்?

மானம் போவது படம் பிடித்தவனுக்கா, பிடிக்கப்பட்டவளுக்கா? சட்டத்துக்கு இதில் சந்தேகமே இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவின்படி முதல் தடவை குற்றத்துக்கே ஒரு வருஷத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை ஜெயில். மறுபடியும் செய்தால் மூன்று முதல் ஏழு வருஷம் வரை.

ஊருக்கு வந்தும் புகார் கொடுக்கலாம்!

“புகார் கொடுக்கணும்னா அங்கேயே தங்கணும். லாட்ஜுக்குப் பணம், வேலைக்கு லீவு. யாருக்குக் கட்டுப்படி ஆகும்?” என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மளிகைக் கடை வைத்திருப்பவரும், தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை பார்ப்பவரும் எத்தனை நாள் லீவு போட முடியும்?

ஆனால் சட்டம் மாறியிருப்பது பலருக்குத் தெரியவில்லை. 2024 ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு என்ன சொல்கிறது? போலீஸ் நேரடியாக வழக்குப் போடக்கூடிய குற்றம் என்றால், அது எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். “ஜீரோ எப்.ஐ.ஆர்.” என்று இதற்குப் பெயர்.

அதாவது ராமேசுவரத்தில் சங்கிலி போனாலும் பெரம்பலூர் ஸ்டேஷனிலோ, அரியலூர் ஸ்டேஷனிலோ புகார் கொடுக்கலாம். அவர்கள் பதிவு செய்து ராமேசுவரத்துக்கு அனுப்ப வேண்டும். “எங்க லிமிட் இல்லை” என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். இ-மெயில் போன்ற மின்னணு வழியில் புகார் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் மாவட்ட போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் எழுதலாம்.

சங்கிலிப் பறிப்புக்குப் புதுச் சட்டத்தில் 304 என்று தனிப் பிரிவே வந்துவிட்டது. மூன்று வருஷம் வரை தண்டனை. சாட்சியை வீடியோ மூலம் விசாரிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

செல்போன் போனாலும் விடாதீர்கள். புகார் கொடுத்த அத்தாட்சி இருந்தால்தான் மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். இணையதளத்தில் அந்தப் போனை முடக்க முடியும். அவசரத்துக்கு 112. பெண்கள் உதவிக்கு 181. பணத்தை ஆன்லைனில் ஏமாந்தால் 1930.

கடைசியாகச் சொன்னது லேசான விஷயம் இல்லை. யாத்திரை போகிறவர்களைக் குறிவைத்துப் போலி இணையதளம் நடத்தி, ரூம் புக்கிங் என்று பணம் கறக்கும் கும்பல்களைப் பற்றி மத்திய உள்துறையின் சைபர் குற்றத் தடுப்பு மையமே 2025 ஏப்ரலில் எச்சரித்தது. முன்பெல்லாம் திருடன் கடற்கரையில் நின்றான். இப்போது நாம் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கை வைக்கிறான்!

காவல் எல்லாம் கடலைப் பார்த்து!

அந்தத் தீவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் காக்கிச் சட்டைக்கும் வெள்ளைச் சட்டைக்கும் பஞ்சமே இல்லை. மண்டபத்தில் கடலோரக் காவல் படை நிலையம். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம். இன்னும் கடலோரப் போலீஸ், சுங்க இலாகா என்று வரிசையாக இருக்கிறார்கள். இலங்கை கூப்பிடு தூரத்தில் இருப்பதால் கடத்தலைத் தடுக்க அத்தனையும் வேண்டியதுதான்.

ஆனால் அத்தனை பேர் கண்ணும் கடலைப் பார்த்து இருக்கிறது. கரையில் ஈரத்துணியோடு நிற்கிற கிழவியின் சுருக்குப்பையைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? ராமேசுவரத்தில் கோவில் போலீஸ் நிலையம் என்று தனியாகவே இருக்கிறது. அமாவாசைக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு ஸ்டேஷன் ஆட்கள் எம்மாத்திரம்?

உள்ளூர்க்காரர் கோபமும் கோபம்தான்

நம் பக்கத்து நியாயத்தை மட்டும் பேசினால் போதாது. ராமேசுவரத்தில் குடியிருப்பவர்கள் எல்லாம் திருடர்கள் இல்லை. அவர்கள் படும் பாட்டையும் பார்க்க வேண்டும்.

கடலுக்குப் போனால் இலங்கைக் கடற்படை பிடிக்கிறது. படகு பறிமுதல் ஆகிறது. கச்சத்தீவு ஒப்பந்தம் போட்ட 1974-ல் ஆரம்பித்த தலைவலி இன்னும் தீரவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கடல் சோறு போடாத நாளில் அந்த ஊர் வெளியூர்ப் பயணியின் கையைத்தான் எதிர்பார்க்கிறது. ஆட்டோவில் கூடக் கேட்பதும், சங்கு மாலையை வாங்கச் சொல்லிப் பின்னாலேயே வருவதும் இந்தக் கஷ்டத்தில் இருந்தும் வருகிறது. அதற்காக நியாயம் ஆகிவிடாது. ஆனால் காரணம் தெரிந்தால் வாய்ச்சண்டை குறையும்.

இன்னொரு புகைச்சலும் உண்டு. “நாங்க காலங்காலமா சாமி கும்பிடப் போன வழியை எங்களுக்கே அடைச்சிட்டாங்க” என்று 2025-ல் ராமேசுவரம் ஊர் மக்கள் கோவில் நிர்வாகத்தை எதிர்த்துப் போராட்டத்தில் இறங்கினார்கள். வெளியூர்க் கூட்டம் பெருகப் பெருக, சொந்த ஊர்க்காரன் தன் ஊர்க் கோவிலில் கியூவில் நிற்க வேண்டி வருகிறது. கோபம் வராதா?

நம்மவர்கள் செய்வதும் கொஞ்சமா? முழுகிவிட்டுப் பழைய துணியைக் கடலிலேயே விட்டு வருகிறோம். எச்சில் இலையை வேன் ஜன்னலில் இருந்து வீசுகிறோம். குறுகலான தெருவில் குறுக்கே வேனைப் போட்டுவிட்டு உள்ளூர்க்காரனிடம் மல்லுக்கு நிற்கிறோம். வீட்டு வாசலில் யார் அசுத்தம் செய்தாலும் விளக்குமாறு பேசத்தானே செய்யும்?

தனுஷ்கோடியில் விளையாட்டு வேண்டாம்

தீவில் பணமும் சங்கிலியும் போனால் சம்பாதித்துக் கொள்ளலாம். உயிர் போனால்?

தனுஷ்கோடி ஒரு காலத்தில் ரயில் நிலையம், துறைமுகம் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22-ந் தேதி ராத்திரி வீசிய புயலில் ஊரே அழிந்தது. பாம்பனில் இருந்து போன பாசஞ்சர் ரயிலையே கடல் விழுங்கியது. ரயிலில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஜலசமாதி!

2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு திறந்த பிறகு அங்கே கூட்டம் அலைமோதுகிறது. வங்கக் கடலும் மன்னார் வளைகுடாவும் சந்திக்கிற இடம் அது. நீரோட்டம் பொல்லாதது. அங்கே குளிக்கத் தடை இருக்கிறது. போர்டு எதற்கு வைத்திருக்கிறார்கள்? சாய்ந்து நின்று போட்டோ எடுக்கவா?

அரியலூர்க்காரர்களுக்குத் தண்ணீரின் கோபத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1956 நவம்பர் 23-ந் தேதி விடியற்காலையில் மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்ததை நம் தாத்தாமார்கள் சொல்லக் கேட்டவர்கள்தானே நாம்? அந்த விபத்துக்குப் பொறுப்பேற்று ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பதவியையே விட்டார். ஆற்று வெள்ளமே அப்படி என்றால் கடல் எப்படி?

என்ன செய்ய வேண்டும்?

அதிகாரிகள் கஜானாவைத் திறக்க வேண்டியதில்லை. கண்ணைத் திறந்தால் போதும்.

அக்னி தீர்த்தக் கரையில் அரசாங்கமே நடத்தும் உடை மாற்றும் அறைகள் தாராளமாக வேண்டும். தனியார் அறை ஒவ்வொன்றுக்கும் லைசென்சு நம்பர் வாசலில் எழுதியிருக்க வேண்டும். பெண் போலீசார் அடிக்கடி சோதனை போட வேண்டும்.

ஸ்டேஷனில் இருந்து கோவிலுக்கு இவ்வளவு, கோவிலில் இருந்து தனுஷ்கோடிக்கு இவ்வளவு என்று ஆட்டோ கட்டணம் ஆள் உயரத்துக்கு எழுதி வைக்க வேண்டும். விலை தெரிந்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். நியாயமாக ஓட்டுகிற டிரைவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

கடற்கரையிலேயே ஒரு புகார் கூடாரம் போடுங்கள். பத்து நிமிஷத்தில் மனுவை வாங்கி, ரசீது கொடுத்து அனுப்புங்கள். வேன் கிளம்புவதற்குள் புகார் பதிவாகிவிட்டால் திருடன் கணக்கு தப்பாகிவிடும்!

பக்கத்துக் கேரளத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு என்றே போலீஸ் இருக்கிறது. இலங்கையிலும் இருக்கிறது. இந்தோனேசியாவின் பாலி தீவிலும் நம்மைப்போல் கோவில் உண்டு, கூட்டம் உண்டு, தகராறு உண்டு. 2023-ல் அங்கே வெளிநாட்டுப் பயணிகள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று பட்டியலே போட்டார்கள். இங்கே செய்ய முடியாதா?

டூர் கூட்டிப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிளம்பும்போதே “ஒருத்தர் பொருள் போனாலும் எல்லாரும் ஒரு மணி நேரம் நிற்போம்” என்று பேசி வைத்துக் கொள்ளுங்கள். கடலில் முழுகும்போது முறைபோட்டு இரண்டு பேர் கரையில் பைக்குக் காவல் இருங்கள். நகையை வீட்டிலேயே கழற்றி வையுங்கள். ராமநாதசாமி உங்கள் கழுத்தைப் பார்த்தா வரம் கொடுக்கப் போகிறார்?

நம் ஊருக்கும் வருகிறார்களே!

ராமேசுவரத்தைச் சொல்கிற நாம் நம் வாசலையும் பார்க்க வேண்டும். திங்கள், வெள்ளி வந்தால் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோவிலுக்கு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமான கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வெளிநாட்டுக்காரர்களும் வருகிறார்கள். அவர்களுக்கும் சாயங்காலம் பஸ் பிடிக்கிற அவசரம் உண்டு. அவர்கள் பை காணாமல் போனால் நம் ஊர்க் கடைக்காரர், நம் ஊர் ஆட்டோக்காரர் என்ன சொல்வார்? “போனது போச்சு, பஸ் ஏறுங்க” என்பாரா? இல்லை, கூடவே ஸ்டேஷன் வரைக்கும் வருவாரா?

ராமேசுவரத்தில் நமக்கு ஒருவர் துணைக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டால், இங்கே நாம் ஒருவருக்குத் துணைக்குப் போக வேண்டும்.

அடுத்த அமாவாசைக்கு வேன் பேசும்போது இதை ஞாபகம் வையுங்கள். போன பொருள் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். புகார் மட்டும் போயே ஆக வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுக்கிற அந்த ஒரு காகிதம், அடுத்த வேனில் வருகிற இன்னொரு வீட்டுப் பெண்ணுக்குக் காவல்!