பேர் விழாத பிள்ளைகள்

புலமைப்பரிசில் பெறுபேறு ஜனவரி 23 வந்தது. 27 பாடசாலை தொடங்கியது. ஆகவே 2025இன் முதல் தவணை எங்கள் பக்கம் மணி அடித்துத் தொடங்கவில்லை, பேனர் கட்டித்தான் தொடங்கியது.

அந்தக் கிழமை கலஹாவிலிருந்து கண்டிக்கு வந்த பஸ்ஸில் எங்களில் நாலு பேர் இருந்தோம். வழி நெடுக மதில், கேட், மின்கம்பம் எல்லாம் பேனர். 'வெட்டுப்புள்ளிக்கு மேல்', '9 ஏ', '100 வீத சித்தி'. பிள்ளைகளின் படம் முத்திரை அளவு. அதிபரின் படம் கொஞ்சம் பெரிசு. அனுசரணை தந்தவரின் படம் எல்லாத்தையும் விடப் பெரிசு.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். படத்தில் இருக்கிற பிள்ளைகளோடு எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. லயத்துக் காம்பராவில் ஒரு பக்கம் டிவி, ஒரு பக்கம் அடுப்புப் புகை, நடுவில் கால் நீட்டப் போதாத இடத்தில் குந்திக்கொண்டு படித்து ஒரு பிள்ளை 9 ஏ எடுக்குது என்றால், அதைத் தூக்கி வைத்துக் கொண்டாடத்தான் வேணும். எங்களுக்குக் கோபம் அந்த '100 வீதம்' என்ற எழுத்தோடு. நூறு வீதம் சரி. எத்தனை பேரில் நூறு வீதம்?

எங்களில் ஒருவர் தெல்தோட்டைப் பக்கம் படித்தவர். பாடசாலையின் பெயர் வேண்டாம், இது ஒரு பாடசாலையின் கதை இல்லை. அவரிடம் ஆறாம் வகுப்பில் எடுத்த குரூப் படம் ஒன்று இருக்குது. அதில் நாற்பத்தொரு பேர். ஓ/எல் எழுதிய வருசம் எடுத்த படத்தில் பதினெட்டுப் பேர். அந்த வருசம் அவர்கள் பாடசாலையிலும் பேனர் கட்டினார்கள். வரலாறு காணாத சித்தி வீதம் என்று போட்டிருந்தார்கள்.

மிச்சம் இருபத்துமூன்று பேர் எங்கே? இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சிலர் புலமைப்பரிசில் புள்ளியைக் காட்டிக் கண்டி டவுனுக்கு மாறியவர்கள், சிலர் குடும்பத்தோடு வேறு ஊர் போனவர்கள். அவர்களை விடுங்கள். ஒருத்தன் புறக்கோட்டையில் புடவைக் கடை. ஒருத்தி கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு. ஒருத்திக்கு அம்மா குவைத் போய்விட்டதால் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, ஒன்பதாம் வகுப்போடு நின்றாள். இன்னும் இரண்டு பேர் பத்தாம் வகுப்பு வரை வந்தவர்கள். அவர்களின் அம்மா அப்பாவைக் கூப்பிட்டு, "புள்ளைக்கு கணக்கு வராது, பேசாம பிரைவேட்டா எழுதச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பிரைவேட்டாகவும் அவர்கள் எழுதவில்லை.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்றுதான் சொல்வது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். பேர் விழவில்லை என்றால் அன்றைக்கு மலையில் அட்டைக்கடியில் நின்ற பாடு எந்தக் கணக்கிலும் வராது. அந்த இருபத்துமூன்று பேரில் பாதிக்கு மேல் அப்படித்தான் போனார்கள். பேர் விழாத பிள்ளைகள். அம்மாமாருக்கு மலையில் நடந்தது பிள்ளைகளுக்கு வகுப்பில் நடக்குது.

இது தோட்டப் பாடசாலையின் தனி நோய் என்று யாரும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் பரீட்சைப் பட்டியலில் நல்ல இடம் பிடிக்க, பெறுபேறு குறைக்கக்கூடிய பிள்ளைகளைச் சத்தமில்லாமல் இடாப்பிலிருந்து கழற்றிவிடும் பழக்கம் இருக்குது. அதற்கு 'ஆஃப்-ரோலிங்' என்று பேரே வைத்துவிட்டார்கள். அங்கே பாடசாலைகளைப் பரிசோதிக்கும் ஆஃப்ஸ்டெட் என்ற அமைப்பு 2019இலிருந்து தன் பரிசோதனையில் இதையும் பார்க்குது. இங்கே வலயத்திலிருந்து வருகிறவர்கள் பாடத்திட்டக் கொப்பியைப் பார்க்கிறார்கள், பதிவேட்டைப் பார்க்கிறார்கள், சித்தி வீதத்தை எழுதிக்கொண்டு போகிறார்கள். ஆறாம் வகுப்பு இடாப்பையும் பதினோராம் வகுப்பு இடாப்பையும் பக்கத்தில் வைத்து ஒருவர் கேள்வி கேட்டதாக நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 5 வயதிலிருந்து 14 வயது வரை என்றிருந்த கட்டாயக் கல்வியை 2016இல் 16 வயது வரை என்று ஆக்கினார்கள். அப்படிப் பார்த்தால் ஒன்பதாம் வகுப்போடு நின்ற ஒவ்வொரு பிள்ளையும் சட்டம் மீறப்பட்டதற்கு ஒரு சாட்சி. அந்தப் பிள்ளைக்காகப் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

இப்போது எங்களுக்கு வழமையாக வரும் பதில் தெரியும். "தோட்டத்து ஆக்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை." இதைச் சொல்கிறவர்கள் கொஞ்சம் சரித்திரத்தையும் பார்க்க வேணும். 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைக்குக் கொடுத்தது 6 வயதிலிருந்து 10 வயது வரைக்குமான படிப்பு. அதையும் தோட்டத்துரைமார்தான் நடத்த வேணும். கொழுந்து பறிக்க எவ்வளவு எழுத்துத் தேவையோ அவ்வளவுதான் அவர்கள் கொடுத்தது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1948இல் குடியுரிமையும் போனது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பெடுத்தது 1977க்குப் பிறகுதான். நாடு இலவசமாகப் படித்த முப்பது வருசம் எங்கள் தாத்தாமாருக்கு ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், அஞ்சு வகுப்பு. இதெல்லாம் தாண்டி ஏ/எல் வரைக்கும் பிள்ளையை அனுப்பிய சனத்தைப் பார்த்து அக்கறை இல்லை என்று சொல்ல வாய் கூச வேணும்.

சரி, கணக்கு வராத பிள்ளை என்கிறார்களே, அந்தப் பிள்ளைக்குக் கணக்கு யார் படிப்பித்தது? எங்கள் தெல்தோட்டை நண்பருக்கு எட்டாம் வகுப்பில் இரண்டு தவணை கணித ஆசிரியர் இல்லை. சமய டீச்சர் வந்து கொப்பியில் கணக்கு எழுதிப் போடுவார், பாவம், அவரால் முடிந்தது அவ்வளவுதான். ஓ/எல்லில் கணிதமும் தாய்மொழியும் சேர்த்து ஆறு பாடம் சித்தி, அதில் மூன்று திறமைச் சித்தி இருந்தால்தான் ஏ/எல். இரண்டு தவணை ஆசிரியர் கொடுக்காமல் விட்டது வகுப்பு அறிக்கையில் எழுதப்படாது. பிள்ளை எடுத்த டபிள்யூ மட்டும் சிவப்பு மையில் நிற்கும்.

பத்து வருசத்துக்கு முன் மலையகப் பாடசாலைகளுக்கு மூவாயிரத்துக்கு மேல் ஆசிரிய உதவியாளர்களை எடுத்தார்கள். சம்பளம் இல்லை, 'கொடுப்பனவு'. முதலில் மாதம் 6,000 ரூபாய், பிறகு 10,000. அந்தக் காசில் பஸ்ஸுக்கும் கொடுத்து, வகுப்புக்கும் நின்று, பயிற்சிக் கலாசாலைக்கும் போன அக்காமார் அண்ணன்மார் இல்லை என்றால் பல பாடசாலை பூட்டுப்பட்டிருக்கும். ஆனால் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலத்துக்கு ஆள் இன்னும் பற்றாக்குறைதான். தமிழ் மொழியில் விஞ்ஞானம் படிப்பிக்க, தமிழ் மொழியில் விஞ்ஞானம் படித்தவர் வேணும். அதற்கு ஏ/எல்லில் விஞ்ஞான, கணிதப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலை வேணும். தோட்டப் பக்கம் அப்படிப்பட்ட பாடசாலைகளை விரல் விட்டு எண்ணலாம். ஆசிரியர் இல்லாததால் பிரிவு இல்லை, பிரிவு இல்லாததால் ஆசிரியர் இல்லை. செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கிறோம்.

பாடசாலை பேனரில் நடக்கிற அதே வேலை மாவட்டக் கணக்கிலும் நடக்குது. கண்டி மாவட்டத்து ஆக்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேணும். விஞ்ஞானம், கணிதம் மாதிரியான துறைகளில் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பின்தங்கிய மாவட்டம் 16. நுவரெலியா அதில் இருக்குது, பதுளை இருக்குது, இரத்தினபுரி இருக்குது. கண்டி இல்லை. ஏன் என்றால் கண்டியில் டிரினிட்டி இருக்குது, தர்மராஜ இருக்குது, மகாமாயா இருக்குது, ஹில்வூட் இருக்குது. கூட்டி வகுத்துப் பார்த்தால் கண்டி முன்னேறிய மாவட்டம்.

புசல்லாவையைத் தாண்டி றம்பொடைப் பக்கம் ஏறினால் நுவரெலியா மாவட்டம். எல்லைக்கு இந்தப் பக்கமும் அதே தேயிலை, அதே லயம், அதே ஆசிரியர் இல்லாத வகுப்பு. அந்தப் பக்கத்துப் பிள்ளைக்குப் பின்தங்கிய மாவட்டம் என்ற சின்ன ஒரு கைப்பிடி இருக்குது. இந்தப் பக்கத்துப் பிள்ளை கண்டி டவுன் டியூஷன் பிள்ளையோடு ஒரே வெட்டுப்புள்ளியில் ஓட வேணும். நுவரெலியாப் பிள்ளைக்குக் கொடுத்ததில் எங்களுக்கு எரிச்சல் இல்லை. எங்கள் பிள்ளையை டவுனோடு சேர்த்து எண்ணி, அந்தச் சராசரிக்குள் காணாமல் போகப் பண்ணியதுதான் எரிச்சல்.

உதவி ஒன்றும் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டோம். 2025இல் கொப்பி, பேனை வாங்க அரசாங்கம் 6,000 ரூபாய் கொடுத்தது. சீருடைத் துணி சீனாவிலிருந்து வந்தது. 2024இல் 1,350 ஆன நாள் சம்பளத்தில் மூன்று பிள்ளையைப் படிப்பித்த வீட்டுக்கு இதெல்லாம் பெரிய விசயம், நல்ல விசயம். ஆனால் கொப்பி வாங்கிய பிள்ளை பாடசாலைக்கு வந்து சேர வேணுமே. சிசு செரிய பஸ் தார் ரோட்டில் போகும். மலை மேலே இருக்கிற டிவிஷனிலிருந்து தார் ரோட்டுக்கு இறங்கவே ஒரு மணித்தியாலம். மழை என்றால் அன்றைக்கு வரவில்லை. மூன்று நாள் வராவிட்டால் வகுப்பில் பேச்சு. பேச்சுக்குப் பயந்து நாலாம் நாளும் வரவில்லை. இப்படித்தான் ஒரு பிள்ளை நிற்குது. திடீரென்று ஒரு நாளில் யாரும் படிப்பை விடுவதில்லை.

அதிபர்மாரை மட்டும் திட்டிவிட்டுப் போவதும் நியாயம் இல்லை. வலயம் கேட்பது வீதம். மாகாணம் கேட்பது வீதம். வீதம் விழுந்தால் கூட்டத்தில் எழுப்பி நிற்பாட்டுவார்கள். இருபத்துமூன்று பிள்ளை காணாமல் போனதற்கு எந்தக் கூட்டத்திலும் எழுப்பி நிற்பாட்ட மாட்டார்கள். எதற்குக் கேள்வி வருதோ அதற்குத்தான் மனுசன் பயப்படுவான். அப்படியென்றால் கேள்வியை மாற்ற வேண்டியது நாங்கள்தான். பழைய மாணவர், அம்மா அப்பா, சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள்.

வருசத் தொடக்கத்தில் நடக்கிற முதல் பெற்றோர் கூட்டத்தில் என்ன பேசுகிறார்கள்? கேட்டுக்குப் பெயின்ட், பேண்ட் வாத்தியம், விளையாட்டுப் போட்டிக்கு யாரைப் பிரதம விருந்தினராகக் கூப்பிடுவது. இந்த வருசம் அதற்கு முன்னால் மூன்று விசயத்தைக் கேளுங்கள்.

ஒன்று, ஐந்து வருசத்துக்கு முன் ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதே பிள்ளைகளில் இன்றைக்குப் பதினோராம் வகுப்பில் எத்தனை பேர்? போனவர்களில் வேறு பாடசாலைக்குப் போனது யார், படிப்பையே விட்டது யார்? இந்தக் கணக்கைப் பெறுபேற்றுக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இரண்டு, எந்த வகுப்புக்கு எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை? அந்தப் பட்டியலை ஒளிக்க வேண்டாம், நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். வலயத்துக்கு அதிபர் தனியாகக் கடிதம் எழுதினால் ஃபைலில் கிடக்கும். நூறு அம்மாமார் கையெழுத்து வைத்தால் அப்படிக் கிடக்காது.

மூன்று, ஒரு பிள்ளை மூன்று நாள் வரவில்லை என்றால் நாலாம் நாள் யார் வீட்டுக்குப் போவது? டிவிஷனுக்கு ஒருவர் பேர் கொடுங்கள். அதற்கு ஆள் இல்லை என்றால் நாங்கள் இருக்கிறோம். இதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை. எங்கள் குழுவில் பாதிப் பேர் வார இறுதியில் தோட்டத்தில்தான் நிற்கிறோம்.

பேனர் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவே இல்லை. கட்டுங்கள். 9 ஏ எடுத்த பிள்ளையின் படத்தைப் பெரிதாகவே போடுங்கள், அனுசரணையாளர் படத்தைச் சின்னதாக்குங்கள். கூடவே இன்னொன்றும் கட்டுங்கள்: 'ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் 41, ஓ/எல் எழுதியவர்கள் 41'. சித்தி வீதம் நூறுக்கு எழுபதாக இருந்தாலும் பரவாயில்லை. எழுதி ஃபெயிலான பிள்ளை அடுத்த வருசம் திரும்பி எழுதும். எழுதவே விடாத பிள்ளைக்கு அடுத்த வருசம் என்று ஒன்று இல்லை.

கலஹாவிலிருந்து கண்டிக்கு வருகிற பஸ் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு நடுவால்தான் போகும். 1952இலிருந்து அந்தப் பல்கலைக்கழகம் அங்கே நிற்குது. அதற்கு மேலே ஹந்தானை மலையில் லயங்களும் நிற்குது. எங்கள் சனம் எழுபது வருசமாக அந்த வழியால் கொழுந்துப் பையோடும் ஆஸ்பத்திரித் துண்டோடும் போய் வருது. அன்றைக்கு அந்த பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பொடியன் இருந்தான், ஏழாம் எட்டாம் வகுப்பாக இருக்கும். பல்கலைக்கழகம் வந்ததும் ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். அவனுடைய வகுப்பில் இந்தத் தவணை கணிதத்துக்கு டீச்சர் இருக்கிறாரா என்று கேட்டோம்.

"இன்னும் வரல்ல" என்றான்.

அந்தப் பேனர்களில் எதிலும் அது எழுதியிருக்கவில்லை.