முருகைக்கல்லில் புது நிறம் வருமா?



நான்கு மாதங்களுக்கு முன், பாமன்கடையில் எங்கள் குழுக்கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, ஓர் அக்கா மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை. 2009இல் கணவரை இழந்தவர். மகனுடன் வாடகை அறையில் இருந்துகொண்டு, இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார்.

"மிஸ், ரெண்டு காப்பு இருக்கு. அடைவு வைக்கலாமோ எண்டு கேக்கத்தான் இருந்தனான்" என்றார்.

கண்ணாடித் தொட்டியில் உயிருள்ள முருகைக்கல் வளர்த்துப் புதுப்புது நிறங்களை உருவாக்கினால், துண்டு துண்டாக விற்கலாம் என்று ஒருவர் மகனிடம் சொல்லியிருக்கிறார். முதல் துண்டுகளை அவரே விலைக்குத் தருவாராம். எனக்கும் அன்று பதில் தெரியவில்லை. தேடி வாசித்துவிட்டு மறுகிழமை அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். விரைவில் பணம் வரும் என்ற பேச்சோடு வருபவர்கள் தனித்து வாழும் பெண்களின் வாசலுக்குத்தான் முதலில் வருகிறார்கள்.

முருகைக்கல் கல் அல்ல. சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டமாக இருந்து கட்டும் வீடு அது. அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் வாழ்ந்து உணவு கொடுக்கின்றன. கபில நிறம் அந்தப் பாசியினுடையது. பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு போன்றவை பெரும்பாலும் முருகை உயிரே உண்டாக்கும் நிறப்பொருட்கள். வெளிச்சம் மாறினால் இந்த நிறங்களும் மாறும். நீல விளக்கின் கீழ் மினுங்கிய துண்டு வேறு தொட்டிக்குப் போனதும் மங்கிக் கபிலமாகலாம். ஆகவே நிறம் மாறியதெல்லாம் புது இனம் ஆகாது.

துண்டு வெட்டி வளர்ப்பதும் அப்படித்தான். செவ்வரத்தைக் கொப்பை நட்டால் அதே பூதானே பூக்கும்? பரம்பரையாக வரும் புது நிறம் வேண்டுமானால், இரண்டு முருகைகளின் முட்டையும் விந்தும் சேர வேண்டும். பல இனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை, முழுநிலவை ஒட்டிய சில இரவுகளில் மட்டுமே இவற்றை வெளிவிடுகின்றன. லண்டன் ஹோர்னிமன் அருங்காட்சியகத்தில் நிலவொளியையும் கடலின் வெப்பத்தையும் தொட்டிக்குள் அப்படியே அமைத்து, 2013இல்தான் இதைத் திட்டமிட்டுச் செய்ய முடிந்தது. வாடகை அறையில் நடக்கிற காரியமா? 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். பம்பும் குளிரூட்டியும் நின்றால் தொட்டியே செத்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய விடயம் சட்டம். எங்கள் கடலில் உள்ள கல் முருகைகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவற்றை உடைத்தெடுப்பதும் விற்பதும் குற்றம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்த மனிதரிடம் அதைக் காட்டும்படி மகன் கேட்டானாம். பிறகு அவர் தொலைபேசி எடுக்கவில்லை.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமை என்று அக்கா கேட்டார். 2004 ஆழிப்பேரலையின்போது, முருகைக்கல் தோண்டப்பட்டிருந்த பெரலியாவில் அலை ஒரு கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளே போனது. முருகைப்பாறை காத்த ஹிக்கடுவையில் அது கரையோரத்திலேயே அடங்கியது. அதைச் சொன்னதும் அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மகன் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லையாம். ஆனால் நிறம் உருவாக்கும் ஆசை பிழையானதல்ல. அதற்கு நன்னீரில் வளரும் கப்பி மீன் இருக்கிறது. இலங்கையின் அலங்கார மீன் ஏற்றுமதியில் கப்பிக்கு முக்கிய இடம் உண்டு. குளிரூட்டியும் உப்பும் தேவையில்லை. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துப் பாவித்தால் போதும். பெண் மீன் ஏறக்குறைய மாதம் ஒரு தடவை குஞ்சு போடும். ஆணின் நிறங்கள் சில தகப்பனிடமிருந்து நேரே மகனுக்குப் போகும். இதை 1920இலேயே டென்மார்க் விஞ்ஞானி ஜொஹன்னஸ் ஷ்மிட் காட்டியிருக்கிறார்.

ஒரு கவனம் வேண்டும். ஒரு தடவை ஆணோடு சேர்ந்த பெண் மீன், விந்தைச் சேமித்து வைத்துப் பல மாதம் குஞ்சு போடும். அதனால் மூன்று கிழமையளவில் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட வேண்டும். விரும்பிய நிறமுள்ள ஆணை, பிரித்து வளர்த்த பெண்ணோடு விட வேண்டும். இப்படிப் பல தலைமுறை பொறுக்கியெடுத்தால்தான் நிறம் நிலைக்கும். வேண்டாத மீனை வெள்ளவத்தைக் கால்வாயில் கொட்டக் கூடாது. வெறுந்தொட்டியில் தண்ணீர் தேங்கவும் விடக்கூடாது, டெங்கு நுளம்பு பெருகும். பயிற்சிக்கு நெக்டா எனப்படும் நீருயிரின வளர்ப்பு அதிகாரசபையை விசாரியுங்கள்.

எந்தத் தொழிலுக்கும் நகையை அடைவு வைக்க முன் மூன்று கேள்வி கேளுங்கள்:

1. இதற்கு அனுமதி வேண்டுமா, காட்டச் சொன்னால் காட்டுவாரா?
2. விற்கத் தருபவரே திரும்ப வாங்குவாரா, வேறு யார் வாங்குவார்கள்?
3. எல்லாம் செத்தால் எவ்வளவு இழப்பேன், அதை என்னால் தாங்க முடியுமா?

அக்கா காப்பைத் தொடவில்லை. இடியப்பக் காசில் மிச்சம் பிடித்து மூன்று சிறிய தொட்டிகள் வாங்கினார். முதல் ஈற்றுக் குஞ்சுகளைப் பிரிக்கப் பிந்திவிட்டதால் எல்லாம் கலந்துபோயின. இரண்டாம் ஈற்றில் வாலில் நீலம் ஓடிய ஓர் ஆணை மகன் தனியே எடுத்து வைத்திருக்கிறான். இன்னும் ஒரு மீன்கூட விற்கவில்லை. விற்கும்போது எழுதுகிறேன்.

உங்களிடமும் இப்படி யாரேனும் வந்து கேட்டிருந்தால், காசு கொடுக்க முன் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.