பிறர் படத்தைப் பரிகசிக்கலாமோ?

அன்பர் ஒருவர் நமக்கு ஒரு வினா விடுத்திருக்கிறார். பிறர் பணம் செலவிட்டு, உடல் வருந்தி எடுத்த திரைப்படத்தை நாற்காலியில் சாய்ந்தபடி சிலர் கேலி செய்வதும், அக்கேலியையே ஒரு நிகழ்ச்சியாக்கிக் காசு பண்ணுவதும் முறைதானா என்பது அவர் கேள்வி. அவருடைய பிள்ளைகள் அத்தகைய அமெரிக்க நிகழ்ச்சி ஒன்றை விடிய விடியப் பார்த்துச் சிரிக்கின்றனராம். சற்றுக் கோபமாகவே எழுதியிருக்கிறார். அந்நிகழ்ச்சியை நாமும் பார்த்திருக்கிறோம், வாய்விட்டுச் சிரித்துமிருக்கிறோம். ஆகவே பதில் சொல்லும் கடமை நமக்கு உண்டு.

‘மிஸ்டரி ஸயன்ஸ் தியேட்டர் 3000’ என்பது அதன் பெயர். 1988 நவம்பரில் மினியாபொலிஸ் நகரத்துச் சிறிய டெலிவிஷன் நிலையம் ஒன்றில் அதைத் தொடங்கியவர் ஜோயல் ஹாட்ஜ்ஸன் என்னும் விகடர். பித்துக்கொண்ட விஞ்ஞானிகள் ஒரு மனிதனை விண்வெளிக் கலத்தில் அடைத்து, உலகத்திலுள்ள படுமோசமான படங்களைப் பார்க்கச் செய்து வதைக்கின்றனர். தனிமை தீர அவன் யந்திரப் பொம்மைகளைச் செய்து துணைக்கு வைத்துக்கொள்கிறான். இவ்வளவே கதை. பழைய பேய்ப் படமோ, வேற்றுக் கிரகத்துப் பூதம் வரும் படமோ ஓடும்; திரையின் அடியில் வலப்புறமாகக் கொட்டகை நாற்காலிகளில் அமர்ந்த மூவரின் நிழல் தெரியும். படத்திலுள்ளோர் ஒன்று சொன்னால் நிழல்கள் ஒன்பது சொல்லும். நம் தெருக்கூத்தில் ராஜா வருமுன்னரே வந்து நின்று ராஜாவையே கிண்டல் செய்யும் கட்டியங்காரனை அறிந்தவர்களுக்கு இது புதுமையன்று.

அந்த விகடர்களும் செல்வச் செருக்கில் சிரித்தவர்கள் அல்லர் என்பதை அன்பர் கவனிக்க வேண்டும். ஒரு பொம்மைக்குத் தலை, மிட்டாய் உருண்டை விற்கும் கண்ணாடிப் பெட்டி. மற்றொன்றுக்கு அலகு, பந்தெறிந்து வீழ்த்தும் விளையாட்டுக் கட்டை. அட்டையும் பிளாஸ்டிக்கும் கொண்டு விண்கலம் கட்டியவர்கள், அட்டையில் விண்கலம் கட்டியவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள்! இதைப் பங்காளிகளின் பரிகாசம் என்றே நாம் கொள்கிறோம்.

எனினும் அன்பரின் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1966-இல் டெக்ஸாஸ் மாகாணத்து எல் பாஸோ நகரில் வெளியான ‘மானோஸ்: தி ஹாண்ட்ஸ் ஆஃப் ஃபேட்’ என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். (‘மானோஸ்’ என்றால் ஸ்பானிய மொழியில் கைகள். ஆகவே படத்தின் பெயர் ‘கைகள்: விதியின் கைகள்’ என்றாகிறது. தலைப்பிலேயே தொடங்கிவிட்டது வினை!) எடுத்தவர் ஹரால்ட் வாரன் என்னும் உர வியாபாரி, நம்மாலும் படம் எடுக்க முடியும் என்று பந்தயம் கட்டிக் களத்தில் இறங்கியவர். செலவு சுமார் 19,000 டாலர். சாவி கொடுத்து ஓட்டும் காமிரா. ஒரு முறைக்கு 32 விநாடிக்கு மேல் ஓடாது. ஒலியைப் பதிவு செய்யவும் அதற்கு வழியில்லை. ஆகவே இரண்டு மூன்று பேரே பின்னர் எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தனர். இரவுக் காட்சிகளில் விளக்கைத் தேடி வந்த விட்டில்களும் கூலியில்லாமல் நடித்திருக்கின்றன.

1993-இல் நம் விகடர்கள் இதைக் கையிலெடுத்தனர். படத்தை அனுப்பிய கொடிய விஞ்ஞானிகளே, இது அளவுக்கு மிஞ்சிய தண்டனை என்று மன்னிப்புக் கேட்டனர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் டார்கோ என்னும் வேலைக்காரன் வருவான். ஆட்டுக்கால் பூதமாகத் தோன்ற வேண்டுமென்று கால்சட்டைக்குள் ஏதோ கட்டிக்கொண்டு அவன் தள்ளாடுவான். பார்ப்போருக்கு முழங்கால் வீங்கியவனாகத் தெரியும். நாமும் சிரித்தோம். அவ்வேடம் பூண்ட ஜான் ரெனால்ட்ஸ், படம் திரையைக் காணும் முன்னரே, இருபத்தைந்தாம் வயதில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார் என்பதைப் பிற்பாடு படித்தோம். அதன் பிறகு அம்முழங்கால்களைக் கண்டு நமக்குச் சிரிப்பு வருவதில்லை. அப்படத்தில் நடித்த சிறுமியின் கதையும் உண்டு. முதற்காட்சியில் தன் வாயசைவுக்கு வயது வந்த பெண்ணொருத்தியின் குரல் ஒலிக்கக் கேட்டு அக்குழந்தை அழுதுவிட்டாளாம்.

ஆயின் பின்னர் நடந்ததென்ன? இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக எவரும் சீந்தாமற் கிடந்த படம், கேலிக்கு ஆளானபின் நாடெங்கும் பேர் பெற்றது. 2011-இல் அதன் 16 மில்லிமீட்டர் பிரதி ஒருவர் கையில் கிடைத்தது. ரசிகர்கள் தம் கைப்பணம் கொடுத்துதவ, ஒவ்வொரு சட்டமாகச் செப்பனிட்டு 2015-இல் வெளியிட்டனர். அழுத சிறுமியும் வளர்ந்து, அப்படத்தைப் பற்றி நூலே எழுதினார். மெத்தப் பொருட்செலவில் உருவாகிப் பெயர்கூட மறந்துபோன படங்கள் எத்தனையோ!

ஆகவே, அன்பரே, படம் முழுவதும் இறுதிவரை உடனிருந்து, சோம்பலையும் பொருந்தாக் கற்பனையையும் கண்டு சிரிப்பதை நாம் குறை கூறோம். கால்மணி பார்த்து எழுந்துபோகிறவனைவிட அவன் மேலான ரசிகனே. நடிகரின் உடற்பருமனையும் முகத்தையும் இழித்துப் பேசும் இடங்களும் அந்நிகழ்ச்சியில் உண்டு. ‘மிட்செல்’ என்னும் படத்தில் கதாநாயகனின் தொந்தியைப் பற்றியே ஓயாத பேச்சு. அங்கே நாம் அவர்களோடு சேருவதில்லை. தாங்களும் பிள்ளைகளிடம் அதை மட்டும் கண்டிக்கலாம். மற்றதற்கு அவர்களைச் சிரிக்க விடுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். 1952-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் அமெரிக்கக் கம்பெனி ஒன்றுடன் கூட்டுச் சேர்ந்து ‘காடு’ என்ற படத்தை எடுத்தனர். ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’. அதில் ஆதிகால ரோம யானைகள் வருகின்றன. வேறொன்றுமில்லை, நம் நாட்டு யானைகளுக்கே மயிர்ப் போர்வை போர்த்தி ஓட்டிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அதன் முன் அமர்த்திவிட்டு, தாங்களும் அருகில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். போர்வை சரியும் யானையைப் பார்த்து முதலில் சிரிக்கப்போவது பிள்ளைகளா, தாங்களா என்பதை நமக்கு எழுதித் தெரிவித்தால் அடுத்த இதழில் வெளியிடுவோம்.