உதைத்தும் கிளம்பாத வண்டி



தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதுவதா என்று சிலர் வியக்கக்கூடும். எழுதத்தான் வேண்டும். இருபது முறை உதைத்தும் கிளம்பாத வண்டியின் முன் குந்தியிருக்கும் பதினேழு வயதுப் பையனை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதில், கல்வியைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணம் முழுவதும் வெளிப்பட்டுவிடுகிறது. “படிப்பு ஏறவில்லை, ஸ்பானரைப் பிடித்துக்கொண்டான்” என்பது நம் தாமான்களில் வழக்கமாகக் கேட்கும் தீர்ப்பு. இத்தீர்ப்பு தவறானது என்பது என் கருத்து. அப்பையன் முறையாகப் பழுது தேடுவானாகில், நாம் ஆறாம் ஆண்டில் கற்பிக்கும் அறிவியலைத்தான் அவன் செய்துகொண்டிருக்கிறான். முறையின்றித் தேடுவானாகில், அவனுக்கு முறையைக் காட்டவேண்டியவர்கள் நாமே.

எடுத்துக்காட்டாக ஒரு வண்டியைச் சொல்கிறேன். என் முன்னாள் மாணவன் ஒருவன், அப்பொழுது படிவம் ஐந்தில் பயின்றவன், தன் மாமாவின் பழைய ஹோண்டா இ.எக்ஸ்.5 வண்டியை எடுத்துத் தன் விருப்பப்படி மாற்றி அமைத்தான். நம் நாட்டில் எல்லா இனத்தாரும் ‘கப்சாய்’ என்று அழைக்கும் வகையைச் சேர்ந்தது அது; தோட்டப்புறத்தில் பால்மரக் காட்டுக்கும் பட்டணத்தில் வேலைக்கும் நம்மவர்களைச் சுமந்து சென்ற வண்டி. அவன் பின்புற மட்கார்டை வெட்டினான்; உறைகளைக் கழற்றினான்; சட்டம் முழுவதையும் சுரண்டிக் கறுப்புச் சாயம் பூசினான். காற்று வடிகட்டிப் பெட்டியை நீக்கிவிட்டு, வாய் அகன்ற 26 மில்லிமீட்டர் கார்புரேட்டரைப் பூட்டினான். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால், கிளம்பவில்லை! இறக்கத்தில் கியரைப் போட்டு உருட்டினால் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் ஓரளவு நன்றாகவே ஓடும். காலையில் உதைத்துக் கிளப்புவதுதான் பெரும்பாடு.

அவன் முதலில் செய்தது நம்மில் பலர் செய்வதுதான். புதிய பிளக் வாங்கினான். சரியாகவில்லை. வேறு நிறுவனத்தின் பிளக் வாங்கினான். நண்பன் ஒருவன் சொன்னதைக் கேட்டு ‘ரேசிங்’ சி.டி.ஐ. வாங்கினான், பிறகு காயில். 300 ரிங்கிட்டுக்கு மேல் கரைந்தது. அவனுடைய தந்தையார் என்னிடம், “ஐயா, நீங்க சொன்னாக் கேப்பான். இத வித்துப்போட்டுப் படிக்கச் சொல்லுங்க” என்றார். விற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பையனிடம் ஒன்றை மட்டும் சொன்னேன்: இனி ஒரு பொருளும் வாங்காதே, ஒரு தாளை எடு, நாம் வகுப்பில் செய்ததைப் போலச் செய்வோம்.

திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில், 948ஆம் குறளில், மருத்துவனுக்கு ஒரு வரிசையைக் கூறுகிறார். நோய் இன்னதென்று அறிதல் முதலாவது, அதன் காரணத்தை அறிதல் அடுத்தது, தணிக்கும் வழியை அறிதல் அதற்கடுத்தது, செய்வது கடைசி. நாமோ பெரும்பாலும் முதலாவதிலிருந்து நான்காவதற்குத் தாவுகிறோம். உதிரிப்பாகக் கடைகள் வாழ்வது இந்தத் தாவலால்தான். (துணைப்பாட வகுப்புகளும் அப்படித்தான் வாழ்கின்றன என்று சொன்னால் சில பெற்றோர்கள் கோபித்துக்கொள்வார்கள். பிள்ளைக்குக் கணிதத்தில் வாராத இடம் எதுவென்று பார்க்காமலே ஆண்டுக்கு மூன்று டியூசன் நிலையங்களை மாற்றுகிறோமே, அது பிளக் மாற்றுவதேயன்றி வேறென்ன?)

பெட்ரோல் எஞ்சின் கிளம்ப மூன்று வேண்டும்: சரியான நேரத்தில் வலுவான தீப்பொறி, சரியான அளவில் கலந்த பெட்ரோலும் காற்றும், அக்கலவையை நசுக்கப் போதிய அழுத்தம். கிளம்பாத வண்டியில் இம்மூன்றில் ஒன்றாவது குறைந்திருக்கிறது. ஆகவே தேடும் இடம் கடலன்று, மூன்று அறைகள்தாம்.

அழுத்தத்தை விரைவில் கடந்துவிட்டோம். பிளக் துளையை விரலால் மூடிக்கொண்டு உதைத்தால், நல்ல எஞ்சின் விரலைத் தள்ளிவிடும், இது தள்ளியது. வால்வு இடைவெளியையும் பட்டறைக்காரர் ஒருவரிடம் காட்டி அளந்துகொண்டான். அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். அது இல்லாமற்போனால் வால்வு முழுமையாக மூடாது, அழுத்தம் கசியும், வண்டி கிளம்பத் திணறும். இங்கே அது சரியாகவே இருந்தது.

மீதி இரண்டு அறைகள். இங்கேதான் பாடம் சுவைக்கத் தொடங்கியது. “உதைத்தால் கிளம்பவில்லை, இறக்கத்தில் உருட்டினால் கிளம்புகிறது” என்பது உற்றறிதல். அதற்கு எத்தனை ஊகங்கள் இருக்க முடியும் என்று கேட்டேன். அவன் ஒன்றுதான் சொன்னான்: தீப்பொறி பலவீனம். அது நல்ல ஊகமே. கார்புரேட்டர் பூட்டிய பழைய இ.எக்ஸ்.5 வண்டியில் தீப்பொறிக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் மேக்னெட்டிலிருந்து வருகிறது. மெதுவாகச் சுழன்றால் மின்னாற்றல் குறையும். உருட்டும்போது வேகமாகச் சுழல்வதால் கூடும்.

ஆனால், இதே உற்றறிதலுக்கு இன்னோர் ஊகமும் பொருந்தும். கார்புரேட்டரின் ஒடுங்கிய தொண்டை வழியே காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அக்குறைவே பெட்ரோலை மேலே உறிஞ்சுகிறது. தொண்டையை அகலமாக்கினால், உதைக்கும் வேகத்தில் காற்று சோம்பலாக நகரும். பெட்ரோல் போதுமான அளவு எழாது, எழுந்ததும் நன்றாக ஆவியாகாது. உருட்டும்போது எஞ்சின் விரைந்து சுழல்வதால் காற்றும் விரையும், குறை மறைந்துவிடும். ஆக, ஒரே உற்றறிதலுக்கு இரண்டு ஊகங்கள்! இரண்டும் நியாயமானவை. இவற்றைப் பிரித்துக் காட்டும் சோதனை வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணமென்று என்றைக்கும் தெரியாது. அவனோ கடந்த இரண்டு மாதங்களாக எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டிருந்தான்.

எனவே கார்புரேட்டரைத் தொடவில்லை. பிளக்கைக் கழற்றி அதன் மூடியிலேயே செருகி, உலோக உடலை எஞ்சினில் அழுத்தி வைத்து உதைத்தான். இங்கே ஓர் எச்சரிக்கை: இதைச் செய்யும்போது பிளக்கை அதன் துளைக்கு அருகில் வைக்கக்கூடாது, துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிடும். பக்கத்தில் திறந்த பெட்ரோல் கலனும் இருக்கக்கூடாது. பெரியவர் ஒருவர் உடனிருப்பது நல்லது. நிழலில் பார்த்தபோது தீப்பொறி மெலிந்து, மஞ்சளாய், விட்டு விட்டு வந்தது. புதிய பிளக், புதிய காயில், புதிய சி.டி.ஐ. மூன்றும் இருந்தும் பழைய நோய் அப்படியே இருந்தது.

அப்படியானால் மாற்றப்படாதது எது? கம்பிகள். ஹோண்டா வண்டிகளில் பச்சைக் கம்பியே எர்த். மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி. அக்கம்பியின் வளையம் சட்டத்தில் ஓர் ஆணியால் இறுக்கப்பட்டிருந்தது. சட்டமோ புதுச் சாயம் பூசியது! சாயம் மின்சாரத்தைக் கடத்தாது. எஞ்சினைத் தாங்கும் இடங்களிலும் அதே தடித்த கறுப்புச் சாயம். அழகுக்காகப் பூசியது மின்சாரத்தின் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. மாற்றி அமைத்த வண்டிகளில் அடிக்கடி நேரும் பழுது இது. தொழிற்சாலையில் இந்த இடங்களைச் சாயமின்றி விடுவார்கள். வீட்டில் பூசுபவர் விடுவதில்லை.

அவன் உடனே சுரண்டப் போனான். பொறு, முதலில் சோதி என்றேன். ஒரு துண்டுக் கம்பியின் ஒரு முனையைப் பச்சைக் கம்பியிலும் மறுமுனையை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் இணைத்துவிட்டு உதைத்தான். தீப்பொறி நீலமாய், ‘டக் டக்’ என்று ஒலியோடு பாய்ந்தது. கம்பியை எடுத்தான், மஞ்சள். வைத்தான், நீலம். மூன்று முறை அப்படிச் செய்து பார்த்தான். அதற்குப் பிறகுதான் சுரண்டினான்.

பிளக்கை மாட்டி உதைத்தபோது நான்காவது உதையில் வண்டி கிளம்பியது. மறுநாள் காலையிலும் நான்கு. இருபது நான்காகியது, ஒன்றாகவில்லை. மிச்சம் இருந்தது இரண்டாவது ஊகம். நல்ல வேளையாக, பழைய கார்புரேட்டரை அவன் விற்றுவிடவில்லை. அதை மட்டும் மாற்றிப் பூட்டினான். முதல் உதையில் கிளம்பியது. இரண்டு காரணங்களும் உண்மைதான். ஒன்று பெரியது, மற்றது சிறியது. எதை மாற்றினாய் என்பது தற்சார்பு மாறி. எதை உற்றறிந்தாய், அதாவது எத்தனை உதை என்பது சார்பு மாறி. எவற்றை மாறாமல் வைத்தாய் என்பது கட்டுப்படுத்தப்பட்ட மாறி. யு.பி.எஸ்.ஆர். தேர்வில் இக்கேள்விக்கு இவன் எழுதிய விடைகள் எனக்கு நினைவிருக்கின்றன; பாதிக்கு மேல் இடம் மாறியிருக்கும். அன்று தாளில் ஒன்றுகூட மாறவில்லை.

அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. செயற்பாங்குத் திறன்கள் பாடத்தில் இன்னும் இருக்கின்றன. ஆனால், நாம் அவற்றைப் பெரும்பாலும் பயிற்றியில் அச்சடித்த படங்களைக் கொண்டே கற்பிக்கிறோம்: ஒரு சரிவுப் பலகை, ஒரு பொம்மைக் கார். விடை முன்பே தெரிந்த சோதனையில் பிள்ளைக்கு என்ன ஆர்வம் பிறக்கும்? கெட்டுப்போன மின்விசிறியோ எரியாத கைவிளக்கோ வகுப்புக்கு வரட்டும். ஆசிரியருக்கே விடை தெரியாத ஒன்று மேசைமேல் இருக்கும்போது வகுப்பு நடக்கும் விதமே வேறு.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். வண்டியை மாற்றி அமைப்பதும் சாலையில் பந்தயம் விடுவதும் ஒன்றல்ல. ஆனால், இரண்டும் ஒரே கொட்டகையில் தொடங்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. உங்கள் அச்சம் நியாயமானது. ஆகவே கண்டிப்பாக இருங்கள்: உரிமம் இல்லாமல் சாலைக்குப் போகக்கூடாது; காது கிழியும் புகைக்குழாய் கூடாது; சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலின்றி எஞ்சினின் கொள்ளளவைக் கூட்டக்கூடாது; வெட்டிய மட்கார்டோடு எண்பலகையும் பின்விளக்கும் காணாமற்போகக்கூடாது. பிரேக்கைத் தொட்டால் பட்டறைக்காரர் பார்த்த பிறகே ஓட்டவேண்டும். இவ்வளவையும் சொல்லுங்கள். “இது உருப்படாத வேலை” என்று மட்டும் சொல்லாதீர்கள். தொழிற்கல்லூரிக்குப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் வீட்டில் இழவு விழுந்ததைப்போல முகம் வாடும் பெற்றோர்களை நான் பார்த்திருக்கிறேன். மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளோடு முடிவதில்லை. அதற்கு மேல் டிப்ளோமாவும் உயர்நிலை டிப்ளோமாவும் இருக்கின்றன. ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் உரிய வழியும் அன்று.

ஆசிரியர்களுக்கு இன்னொன்று. இவன் எழுதிய தாளில் ‘காயில்’, ‘எர்த்’, ‘பிளக்’ என்ற சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருந்தான். வாக்கியங்கள் தமிழாக இருந்தன. “கம்பியை எடுத்ததும் தீப்பொறி மஞ்சளாக மாறியது; ஆகவே சாயமே காரணம் என ஊகிக்கிறேன்” என்பது ஒரு வரி. தமிழில் இவனால் ஒரு பத்தி எழுத முடியாது என்று பள்ளிக் காலத்தில் இவனைப் பற்றிப் பேசுவார்கள். எழுதுவதற்கு ஒரு பொருள் கிடைத்ததும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறான். அத்தாளின் படியை அவனுடைய இசைவோடு, பெயரை மறைத்து, இவ்வாண்டு ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். மாறிகளுக்கு அடியில் கோடிடச் சொன்னேன். மூன்று மாணவர்கள், அகன்ற கார்புரேட்டரைக் கழற்றாமல் வேறு எப்படிச் சோதித்திருக்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குச் ‘சோக்’ இருக்கிறதே என்று நான் இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை.